ஏழுக்குக் கீழே எண் இல்லை

ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில், கர்நாடகா தொடங்குவதற்கு முந்நூறு மீட்டர் முன்னால், டயர் கடைக்கும் லாரி புக்கிங் ஆபீசுக்கும் நடுவே நீலக் கண்ணாடி போர்த்திய மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. தென்னகக் கணினி விளையாட்டு மதிப்பீட்டுக் கழகம் என்று பெயர். உலகத்தின் எந்த மூலையில் எவர் புதிதாக ஒரு கணினி விளையாட்டைச் செய்து விட்டாலும், அது பத்துக்கு எத்தனை என்று சொல்வது கழகத்தின் வேலை. உங்களை யார் கேட்டார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் மதிப்பெண் போடுவது யார்?

சுரேந்தர் அங்கே வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணம் அவருக்கு விளையாட்டு தெரியும் என்பதல்ல. அவருக்குத் தெரியாது. பதினோரு வருஷம் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கடைசிச் சோதனை மேஜையில் நின்றவர். பிரேக்குக்குப் போகும் இரும்பு வளையத்தின் ஓட்டைக்குள் கேஜ் என்கிற அளவுக் குச்சியை விட்டுப் பார்ப்பார். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அப்படி இருந்தால் பச்சைச் சீட்டு. இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டைக் கட்டிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார். பதினோரு வருஷத்தில் ஒரு வளையத்திடமும் அவர் முகதாட்சண்யம் பார்த்ததில்லை. போன வருஷம் அந்த மேஜையில் கேமரா ஒன்றைப் பொருத்தினார்கள். கேமரா டீ குடிக்கப் போகாது என்பதால் சுரேந்தரைப் போகச் சொன்னார்கள்.

பதினோரு வருஷமும் அவர் கான்ட்ராக்ட். ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பர்மனென்ட் ஆட்களின் அடையாள அட்டை நீலக் கயிற்றில் தொங்கும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். கல்யாணப் பந்தியில் வெறும் கழுத்தோடு உட்கார்ந்தாலும் என்ன நிறம் என்று ஊருக்குத் தெரியும். சுரேந்தரின் மனைவி பொற்கொடிக்குச் சொந்த ஊர் சாமல்பட்டி. அவளுடைய அண்ணன் முனிவேல் ரயில்வேயில் பர்மனென்ட். எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் கவளத்தை எடுப்பதற்கு முன் முனிவேல், "மாப்ள, நீலம் ஆயிடுச்சா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு பொற்கொடிக்குச் சோறு இறங்காது.

கழகத்துக்கு எதற்கு இவர்? எல்லா விளையாட்டும் எப்படி எட்டே முக்கால் வாங்குகிறது என்று வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு தரச்சான்றிதழை வாங்கி வரவேற்பறையில் மாட்டிவிடலாம் என்று கழகம் முடிவு செய்தது. சான்றிதழ் கொடுக்க வந்த மனிதர் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டு, இங்கே சோதனை எந்த இடத்தில் நடக்கிறது என்று கேட்டுத் தொலைத்தார். அப்படி ஒரு இடம் இல்லை. ஆகவே அவசரமாக ஒரு இன்ஸ்பெக்டர் தேவைப்பட்டார். ஆறு மாதம் தகுதிகாண் பருவம், அதில் தேறினால் பர்மனென்ட், நீலக் கயிறு. பொற்கொடி அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

முதல் நாள் வாசலில் காவலாளி தஸ்தகீர் மஞ்சள் கயிற்றை மாட்டிவிட்டார். அவரும் மஞ்சள்தான். மாடியில் மதிப்பெண் ஆணையர் ராஜேஷ்குமார் பயிற்சி கொடுத்தார். கழகத்தின் அளவுகோல் ஒன்றிலிருந்து பத்து வரை என்றும், அதில் ஏழு நன்று, எட்டு மிக நன்று, ஒன்பது தவறவிடக் கூடாதது, பத்து காவியம் என்றும் சொன்னார். சுரேந்தர் குறித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை என்ன என்று கேட்டார்.

ராஜேஷ்குமார் பல வருஷமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர்போல் எழுந்து நின்றார்.

"வீடு கட்டினா அஸ்திவாரம் போடறோம் சுரேந்தர். அஸ்திவாரத்துல யாராவது குடியிருக்காங்களா? ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் நம்ம அஸ்திவாரம். அது கீழ இருக்கறதாலதான் ஏழு அவ்வளவு உயரத்துல நிக்குது."

"அப்ப நல்லா இல்லாத கேமுக்கு எவ்ளோங்க சார்?"

"ஏழு."

"ரொம்ப மோசமா இருந்தா?"

ராஜேஷ்குமார் கொஞ்சம் யோசித்தார். "ஏழுதான். ஆனா வருத்தத்தோட போடுவோம்."

ஏழு வாங்கிய விளையாட்டை ஒருவரும் வாங்குவதில்லை என்பதையும் அவரே பெருமையோடு சொன்னார். போன தையில் ஏழு வாங்கிய ஒரு கம்பெனி மாசியில் பூட்டிக்கொண்டு போய்விட்டதாம். ஏட்டில் நன்று, நடப்பில் கருமாதி. கழகத்தின் ஊழியர்களுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை இதே அளவுகோலில்தான் மதிப்பெண் போடுவார்களாம். பாகுபாடு கூடாது என்பது கொள்கை.

மறுநாள் ஒரு விளையாட்டுக்கு எட்டு புள்ளி ஏழா எட்டு புள்ளி எட்டா என்று குழு காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை விவாதித்தது. சுரேந்தருக்கு இது மனசுக்குப் பிடித்திருந்தது. பத்தில் ஒரு பங்கு வரைக்கும் அளக்கிறார்கள் என்றால் நல்ல கருவி வைத்திருப்பார்கள். கருவி எது என்று கேட்டார். தலைமை விமரிசகர் அருணாவைக் காட்டினார்கள்.

அருணா மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். எண் வந்துகொண்டிருந்தது. கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று சுரேந்தர் விசாரித்தார். அவர் இருபது வருஷமாகத் தவறியதே இல்லை என்றார்கள். தவறவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டார். அதையும் அருணா மேடம்தான் சொன்னார்.

போகப் போக இன்னொன்றும் தெரிந்தது. விளம்பரத்தோடு வரும் விளையாட்டுக்கு மதிப்பெண் முதலில் வரும், விமரிசனம் பிறகுதான். எதிர்பார்ப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அந்தப் பிரிவின் அதிகாரி கிருஷ்ணகிரி டோல்கேட்டிலிருந்து அத்திப்பள்ளி வரை காரில் போய், ஒரு விளையாட்டுக்கு எத்தனை விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வருவார். பதினாலு பலகை என்றால் ஒன்பது புள்ளி இரண்டு. அந்த எண் உறையில் வந்து சேர்ந்ததும், அந்த எண்ணில் போய் முடிகிற மாதிரி விமரிசனம் எழுதுவார்கள். முதலில் எழுதுபவரின் பள்ளிக்கூட நினைவு ஒன்று, பிறகு கண்ணுக்கு விருந்து, பிறகு ஒரு 'ஆனாலும்', கடைசியில் இந்த வகை பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும் என்ற தீர்ப்பு. சீட்டைக் கட்டி வைத்துவிட்டு வளையத்தைச் செய்கிற கம்பெனியைச் சுரேந்தர் பார்த்ததில்லை. புது இடம், புது வழக்கம் என்று வாயை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு 'சோதிக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவது அவர் பங்கு. நாலு மாதம் குத்தினார். சான்றிதழ் வந்து வரவேற்பறையில் ஏறியது.

ஐந்தாவது மாதம் 'எரிமலை வாள் - 6' வந்தது. வந்த அன்றைக்கு விமரிசகர்கள் ஒருவரும் ஊரில் இல்லை. அந்த விளையாட்டைச் செய்த கம்பெனியே அவர்களை ஒரு சொகுசு விடுதிக்கு அழைத்துப் போய், நடுநிலையோடு இருப்பது எப்படி என்று மூன்று நாள் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தது. எதிர்பார்ப்பு அதிகாரியோ பலகை எண்ணப் போன இடத்தில், மேம்பாலத்தில் கவிழ்ந்த தக்காளி லாரிக்குப் பின்னால் நாலு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். உறை வரவில்லை. பெட்டி மட்டும் சுரேந்தரின் மேஜையில் இருந்தது.

சோதனை மேஜையில் சரக்கு தேங்கக் கூடாது. சிப்காட்டில் பதினோரு வருஷம் நின்றவனுக்கு இது ரத்தத்தில் ஊறியது. ஷிப்ட் முடிவதற்குள் பச்சையோ சிவப்போ கட்டிவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். சுரேந்தர் பெட்டியைப் பிரித்தார், கம்ப்யூட்டரில் போட்டார், உட்கார்ந்து ஆடினார். கழகத்தின் வரலாற்றில் அது முதல் முறை என்பது அவருக்குத் தெரியாது.

வீரன் ஒருவன் குதிரையில் வந்தான். ஊருக்குள் போய்ப் பத்துக் கதவைத் தட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்று என்று திரையில் கட்டளை வந்தது. சுரேந்தர் தட்டினார். நாலு கதவு திறந்தது. ஆறு திறக்கவில்லை. குதிரையின் பின்பாதி ஒரு சுவருக்குள் போய்விட்டது, முன்பாதி புல் மேய்ந்துகொண்டிருந்தது. எங்கேயோ அரசர் நீளமாகப் பேசினார், சிம்மாசனத்தில் ஆளைக் காணவில்லை. ஒவ்வொரு கதவையும் நாற்பது முறை தள்ளிப் பார்த்து, ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணிக்கொண்டார். கை தவறோ என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது அல்லவா?

மொத்தக் கதவு பத்து. திறந்தது நாலு. பத்துக்கு நாலு.

கம்ப்யூட்டர் நாலை ஏற்கவில்லை. அதில் ஏழிலிருந்துதான் எண்ணே இருந்தது. அதனால் சிவப்புச் சீட்டில் மார்க்கரால் எழுதிப் பெட்டியில் கட்டினார். சிவப்புத் தொட்டி இல்லாததால் குப்பைக்கூடைக்குச் சிவப்பு டேப் சுற்றி அதில் வைத்தார். நிராகரித்தால் அதே ஷிப்டில் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அறிக்கை எழுதினார். 'பதினோரு வருஷ அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை' என்று முடித்தார். பதிவேட்டில் இருந்த எல்லா முகவரிக்கும் அனுப்பினார். இணையதளத்தில் வெளியிடுபவர் எதையும் படிக்கும் பழக்கம் இல்லாதவர். வழக்கம்போல வெளியிட்டுவிட்டார்.

காலையில் கழகத்தின் வாசலில் முந்நூறு பைக் நின்றது. அத்திப்பள்ளியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ரசிகர்கள் வந்திருந்தார்கள். சிலர் அழுதார்கள். விளையாட்டு விற்பனைக்கு வர இன்னும் எட்டு நாள் இருந்தது. தஸ்தகீர் ஒருவனைப் பிடித்து, கேம் எப்படி இருந்தது தம்பி என்று கேட்டார்.

"நான் இன்னும் ஆடலண்ணா. ஆனா ஒம்போது புள்ளி ஆறுன்னு எனக்குத் தெரியும். நாலுன்னு சொல்றவன் ஆடியே இருக்க மாட்டான்."

விசாரணை இரண்டாவது மாடியில் நடந்தது. எண்ணூறு பேர் நாலு வருஷம் தூங்காமல் செய்த விளையாட்டு இது என்று ராஜேஷ்குமார் ஆரம்பித்தார். கதவு திறக்கவில்லை என்றார் சுரேந்தர். விற்பனை நாளன்று ஒரு திருத்தம் வரும், அதைப் போட்டால் எல்லாம் திறக்கும் என்றார் ராஜேஷ்குமார். அப்படியானால் திறந்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள், மறுபடி பார்க்கிறேன் என்றார் சுரேந்தர். கருத்தரங்கிலிருந்து நேரே வந்திருந்த அருணா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"திறக்காத கதவுங்கறது ஒரு குறை இல்ல சுரேந்தர். அது நம்ம காலத்தோட படிமம். அதிகாரம் யாருக்குக் கதவு திறக்குதுன்னு அந்தப் படைப்பு கேக்குது. நீங்க தள்ளிப் பாத்தீங்க. நான் தள்ளாமலே புரிஞ்சுக்கிட்டேன்."

"குதிரை சுவத்துக்குள்ள போயிருச்சுங்க மேடம்."

"எல்லைகளைக் கடக்குது," என்றார் அருணா மேடம்.

கடைசியில் ராஜேஷ்குமார் குரலைத் தணித்து விஷயத்துக்கு வந்தார். அடுத்த மாதம் தகுதிகாண் பருவம் முடிகிறது. நாலை ஏழாக்கிவிட்டால் போதும், நீலக் கயிறு தன் மேஜை டிராயரிலேயே இருக்கிறது. இழுத்துக் காட்டவும் செய்தார். அழகான நீலம். "நாங்க உங்கள எட்டு போடச் சொல்லல பாருங்க. உங்க மனசாட்சிக்கு மரியாதை குடுத்துத்தான் ஏழு கேக்கறோம்," என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சுரேந்தர் சொல்ல, பொற்கொடி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஏழு என்று எழுதினால் கை தேய்ந்து போகுமா என்றாள். அவருக்கும் அந்த நீலம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

"கதவு தொறக்கல பொற்கொடி."

"நம்ம பாத்ரூம் கதவுந்தான் ஒரு வருசமா சரியா தொறக்கல. அதுக்கு எவ்ளோ போடுவீங்க?"

சுரேந்தர் எழுந்துபோய்ப் பாத்ரூம் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கீல் தேய்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுக் கை கழுவினார். பொற்கொடி அந்தக் கதவை ஒருமுறை திறந்து மூடினாள். அதற்குப் பிறகு ஏழைப் பற்றி அவள் பேசவில்லை.

எட்டாம் நாள் திருத்தம் வந்தது. சரிசெய்து வந்த சரக்கை மறுபடி சோதிப்பதுதான் முறை. சுரேந்தர் மறுபடி உட்கார்ந்தார். உள்ளபடியே எல்லாம் தேறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். இப்போது பத்துக் கதவும் திறந்தது. ஏழு கதவுக்குப் பின்னால் வீடு இல்லை. வீரன் காலெடுத்து வைத்து, வானத்தில் விழுந்துகொண்டே இருந்தான். மூன்று கதவுக்குப் பின்னால்தான் ஆட்கள் இருந்தார்கள். சுரேந்தர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பத்துக்கு மூன்று என்று எழுதினார்.

இந்த முறை இணையதளக்காரர் படித்துவிட்டார். மூன்று வெளியே போகவில்லை. அருணா மேடத்தின் விமரிசனம் போனது. அதில் அந்த வானம் எல்லையற்ற சுதந்திரம் ஆகியிருந்தது, ஒன்பது புள்ளி நாலு. அந்த வாரமே ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாற்பதடிப் பலகை ஒன்று ஏறியது. எரிமலை கக்க, வீரன் வாளோடு நிற்க, அவன் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: 'பதினோரு வருஷ அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை - இன்ஸ்பெக்டர் சுரேந்தர்.' முனிவேல் அதன் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினார். மாப்பிள்ளை பெரிய ஆள் ஆகிவிட்டாரே என்று கீழே எழுதியிருந்தார்.

ஆறாவது மாதக் கடைசிச் சனிக்கிழமை, தகுதிகாண் பருவ மதிப்பீடு வீட்டுக்குத் தபாலில் வந்தது. கழகத்தில் யாருக்கும் ஒரு காகிதத்தைக்கூட வேறு மாதிரி எழுத வராது. 'சிப்காட்டில் கழிந்த என் முதல் பஞ்ச் கார்டு நாட்களைச் சுரேந்தர் நினைவூட்டுகிறார். வெள்ளைக் கோட்டில் அவர் கண்ணுக்கு விருந்து. ஆனாலும் இரண்டாம் பாதியில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கறாரான இன்ஸ்பெக்டர்களைப் பிடித்தவர்களுக்கு இவரைப் பிடிக்கும்.' அடியில் பெரிய எழுத்தில், 7.0. பக்கத்தில், நன்று.

பொற்கொடி அதை இரண்டு முறை படித்தாள். பத்துக்கு ஏழு என்றால் பள்ளிக்கூடத்தில் அது முதல் வகுப்புத் தேர்ச்சி. அதோடு நன்று என்று வேறு எழுதியிருக்கிறார்கள். சுரேந்தர் வாயெடுப்பதற்குள் அவள் சாமல்பட்டிக்குப் போன் போட்டுவிட்டாள். முனிவேலிடம் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசிச் சுரேந்தர் கேட்டதே இல்லை. அந்த ஏழின் பொருளைச் சொல்லத்தான் நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அவருக்கு மனசு வரவில்லை. இரும்பு வளையத்திடம் பார்க்காத முகதாட்சண்யத்தை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் மைசூர்பாகு கிண்டினாள். திங்கட்கிழமை காலையில் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய அடுக்கி, ஆபீசில் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லி அனுப்பினாள்.

கழகத்தின் வாசலில் தஸ்தகீர் நின்றிருந்தார்.

"எவ்ளோ போட்டாங்க சார்?"

"ஏழு."

தஸ்தகீர் அருகில் வந்து, மாலை கழற்றுவதுபோல் இரண்டு கையாலும் மஞ்சள் கயிற்றைச் சுரேந்தரின் கழுத்திலிருந்து எடுத்தார். அதைப் பார்த்தால் எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தைகூடச் சொல்லிவிடும் அந்த ஏழுக்கு என்ன பொருள் என்று. காகிதத்துக்கு மட்டும்தான் தெரியாது.

சுரேந்தர் டப்பாவைத் திறந்து நீட்டினார். தஸ்தகீர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எதற்கு இது என்று கேட்டார். ஏழு வாங்கியதற்கு என்றார் சுரேந்தர். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மென்றார்கள். தனக்குப் போன வருஷம் எட்டு புள்ளி இரண்டு போட்டார்கள் என்றும், அதனால்தான் இன்னும் மஞ்சளிலேயே நிற்க விட்டிருக்கிறார்கள் என்றும் தஸ்தகீர் சொன்னார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நெசமா சொல்லுங்க சார். நீங்க பாத்தா என் வேலைக்கு எவ்ளோ போடுவீங்க?"

சுரேந்தர் வாசல் கேட்டைப் பார்த்தார். ஒருமுறை இழுத்துத் திறந்தார், தள்ளி மூடினார். சத்தம் இல்லை, தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. சட்டைப் பையில் மிச்சம் இருந்த சீட்டுக் கட்டிலிருந்து ஒரு பச்சைச் சீட்டை உருவிக் கேட்டின் கம்பியில் கட்டினார். தஸ்தகீர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. பொற்கொடி.

"கயிறு மாத்திட்டாங்களா? நல்ல நீலமா, அண்ணன்து மாதிரி வெளுத்த நீலமா?"

சுரேந்தர் கழுத்தைத் தடவினார். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சோதனை மேஜையில் எதையும் தேங்க விடக் கூடாது. சனிக்கிழமையிலிருந்து இது தேங்கிவிட்டது.

"ரிஜெக்ட் பொற்கொடி. ஏழுன்னா இங்க அதுதான்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார். கர்நாடகா உங்களை வரவேற்கிறது என்று ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. மறுபடி காதில் வைத்தபோது அவள் பேசினாள்.

"மைசூர்பாக்கு குடுத்துட்டீங்களா?"

"ஒருத்தருக்குத்தான் குடுத்தன்."

"அவருக்கே இன்னும் ரெண்டு குடுங்க. மிச்சத்த வேற யாருக்கும் குடுக்காம, மூடி எடுத்துக்கினு வாங்க. டப்பா நம்முது."